காது வைத்துப் பார்த்த வண்டி

எதிர்வீட்டுக் கார் விடிந்ததும் விடியாததுமாகக் கத்த ஆரம்பித்த அன்று நான் கையில் இஸ்திரிப் பெட்டியோடு தெருவில் இறங்கிவிட்டேன். அடிக்கத்தான். வேறு எதற்கு?

ஒரு வாரமாக மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. ஒரு துணி காயவில்லை. ஈரம் போகாத துணியைத் தேய்த்தால் ஒரு புழுங்கல் வாடை கிளம்பும். அந்த வாடையோடு சட்டையைக் கொடுத்தால் ஆட்கள் என் முகத்துக்கு நேரே மோந்து பார்ப்பார்கள். அதனால் கடைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, ஃபேனைப் போட்டு, ஆஸ்பத்திரிக்காரர்களின் வெள்ளைக் கோட்டுகளையும் ஹோட்டல்காரர்களின் வெள்ளைச் சட்டைகளையும் உலர்த்தி வைத்திருந்தேன். அந்த எதிர்வீட்டு மனிதர் என்ன செய்கிறார் என்றால், காரின் பின்பக்கம் என் கடையைப் பார்த்தபடி நிற்க, டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, ஒரு காலை மட்டும் உள்ளே வைத்து, ஆக்சிலேட்டரை அடிவரைக்கும் மிதிக்கிறார். புகை யாருக்கு? எனக்கு.

வண்டி ஊவென்று ஏறியது. பாதி வழியில் யாரோ தொண்டையைப் பிடித்ததுபோல் நின்று, நின்ற இடத்திலேயே விட்டுவிட்டுத் துடித்தது. அதற்கு மேல் போகவில்லை. அவர் காலை எடுத்தார். மறுபடி மிதித்தார். மறுபடி அதே இடம்.

"ஏங்க, காலங்காத்தால உங்களுக்கு வேற வேலை இல்லையா?"

"வண்டில கோளாறு இருக்கு."

"சீட்டு மேல போட்ட பிளாஸ்டிக்கே இன்னும் கிழிக்கல. அதுக்குள்ள என்ன கோளாறு?"

"அது எப்படித் தெரியும்? மேல போனாத்தானே தெரியும். போக மாட்டேங்குதே."

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? கோளாறு இருக்கிறது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு அது எங்கே என்று தேடுகிற மனிதரிடம் யார் வாய் கொடுப்பது? ஆனால் நான் கொடுத்தேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"புகையெல்லாம் என் கடைக்குள்ள வருது. உங்க கோளாற வேற பக்கம் திருப்பி வெச்சுப் பாருங்க."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேடிக்கை என்னவென்றால், அவருக்கு எங்கள் தெருவில் பெயரே 'காது'தான்.

தெருக்கோடியில் தகரக்கூரை போட்ட ஒர்க்‌ஷாப் அவருடையது. பழைய கார் வாங்குகிறவர்கள் யாராக இருந்தாலும் முதலில் அங்கேதான் ஓட்டி வருவார்கள். அவர் பானெட்டைத் திறக்கச் சொல்வார். நியூட்ரலில் போடச் சொல்வார். ஒருவன் உள்ளே உட்கார்ந்து முழுசாக மிதிக்க வேண்டும். இவர் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதுக்குள் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். எஞ்சின் உச்சத்தில் கதறிக்கொண்டிருக்கும். சுற்றி நிற்பவர்கள் மூச்சு விடமாட்டார்கள். "கீழ் சத்தத்துல எல்லா எஞ்சினும் பொய் சொல்லும். உச்சத்துக்குப் போனாத்தான் உண்மை வரும்," என்பார். பிறகு கண்ணைத் திறந்து தீர்ப்பு சொல்வார். வால்வு சரியில்லை, அடியில் தட்டுகிறது, பம்ப் போகப் போகிறது. அவர் காது வைத்து நல்லது என்று சொன்ன வண்டி ஒன்றுகூடக் கிடையாது. அதை நாங்கள் எல்லோரும் பெரிய திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நானும்தான்.

அவருடைய மனைவி டிரைவர். டிரைவரம்மா என்றால் ஆஸ்பத்திரி வட்டாரம் முழுக்கத் தெரியும். வெகு காலம் வேறொருவர் காரைக் கூலிக்கு ஓட்டினாள். முதுகு வலிக்க வலிக்க ஓட்டிச் சேர்த்து, போன கோடையில் சொந்தமாக இந்த ஆட்டோமேட்டிக் காரை எடுத்தாள். எடுத்த கையோடு டயாலிசிஸ் சென்டரில் அவளுக்கு ஓட்டம் கிடைத்தது. ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வருகிறவர்களை வீட்டிலிருந்து கூட்டிப்போய், முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். சென்டர்காரர்கள் இரண்டே நிபந்தனை வைத்தார்கள். வண்டி சொந்த வண்டியாக இருக்க வேண்டும், ஒரு நடைகூடத் தவறக் கூடாது. தவறினால் மறுபேச்சு இல்லை. அந்த ஓட்டத்துக்காக ஒரு வேன்காரன் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தான் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

கார் வாங்கப் போனபோது அவள் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள். புருஷனைக் கூப்பிடவில்லை. தாயும் மகளும் காரில் வந்து இறங்கியபோது தெருவே கூடி நின்று பார்த்தது. காது வாசற்படியில் நின்றபடி ஒரே கேள்விதான் கேட்டார். "யாரு பார்த்து எடுத்தது?" அவள், "நான்தான்," என்றாள். அவ்வளவுதான். ஊரிலுள்ள வண்டிக்கெல்லாம் காது வைத்தவர், சொந்த வீட்டு வண்டிக்கு வைக்கவில்லை. அன்றிலிருந்து அந்த மனிதருக்குச் சோறு இறங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். வண்டியில் ஏதாவது ஒரு குறை இருந்தே ஆக வேண்டும் அவருக்கு.

சத்தம் கேட்டு அவள் ஈரத்தலையோடு வெளியே வந்தாள். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் பாதி கடித்த ரொட்டி.

"மறுபடியும் ஆரம்பிச்சாச்சா? எத்தனை தடவ சொல்றது. நிக்கற வண்டிய அப்படி மிதிக்காதீங்க."

"மிதிச்சா போகணும்ல. ஏன் போகல? ஷோரூம்காரன் உன்ன நல்லா ஏமாத்திட்டான்."

"யாரும் ஏமாத்தல. கம்பெனியே அப்படித்தான் கட்டுப் போட்டு வெச்சிருக்கு. சர்வீஸ்ல நான் கேட்டுட்டேன்."

"என்ன சொன்னான்?"

அவள் டீயைப் படியில் வைத்துவிட்டுப் பொறுமையாகவே சொன்னாள். அந்தப் பொறுமை எனக்கெல்லாம் வராது.

"வண்டி ஓடுறப்ப அதோட எடை எஞ்சினப் பிடிச்சுக்குது. சும்மா நிக்கறப்ப பிடிக்க ஒண்ணுமே இல்ல. கால வெச்ச உடனே ஒரே தாவா மேல போயிடும், நீங்க கால எடுக்கறதுக்குள்ள. எதிர்க்காத்தும் கிடையாது, சூடு வெளிய போக வழி இல்ல. அதுக்கும் மேல, உச்சத்துல இருக்கறப்ப கை பட்டு கியர் டிரைவ்ல விழுந்துச்சுன்னா கியர்பாக்ஸும் போச்சு, முன்னால நிக்கறவனும் போனான். அதனாலதான் நிக்கறப்ப இவ்வளவுக்கு மேல போகாதேன்னு வண்டிக்கே சொல்லி வெச்சிருக்காங்க. ஓட்டுறப்ப எல்லாம் போகும். எனக்கு ஒரு குறையும் இல்ல."

"இத்தன வருஷம் நான் நிக்க வெச்சு மிதிச்ச வண்டியெல்லாம் வெடிச்சா போச்சு?"

"அது எனக்குத் தெரியாது. இது என் வண்டி."

அவ்வளவு நேரமும் சொன்னதில் அவர் காதில் விழுந்தது அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான். முகம் கறுத்துவிட்டது. அவள் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். ரொட்டியை வாயில் கவ்வியபடியே ஏறி உட்கார்ந்து, ஆட்களை ஏற்றக் கிளம்பிப் போய்விட்டாள். அவர் நடுத்தெருவில் நின்று என்னிடம் சொன்னார்.

"கட்டி வெச்சிருக்கானாம். ஏன் கட்டணும்? உள்ள எதையோ மறைக்கிறான். கேட்டா தெரிஞ்சிடும்னு கட்டியிருக்கான்."

"மறைச்சா மறைச்சுட்டுப் போறான். அந்தம்மா பொழப்பு அது. விடுங்களேன்."

"உங்களுக்குத் துணியப் பத்தித்தான் தெரியும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆமாம், துணியைப் பற்றித்தான் தெரியும். பட்டுக்கு எவ்வளவு சூடு, பருத்திக்கு எவ்வளவு சூடு என்று தெரியும். பெட்டியில் சூடு தானாக நிற்க ஒரு திருகு வைத்திருக்கிறான். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, 'இந்தப் பட்டு எவ்வளவு தாங்கும்னு பார்க்கலாம்' என்று எந்த முட்டாளும் தேய்க்கமாட்டான். இதைச் சொல்லியிருக்கலாம். அவர் அதற்குள் போய்விட்டார்.

மதியத்துக்குள் அவள் திரும்பிவிட்டாள். காலையில் கொண்டுபோய் விட்டவர்களை வீடு சேர்த்துவிட்டு, சாப்பிட்டு, ஒரு கண் தூங்கி எழுந்து, அடுத்த கூட்டத்தைக் கொண்டுபோக வேண்டும். அது அவளுடைய வழக்கம். ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் ஒருவரைத்தான் முதலில் ஏற்றுவாள். பெரிய உடம்புக்காரராக இருந்தவர், இப்போது எலும்பும் தோலும். அவளுடைய காரைத் தவிர வேறு வண்டியில் ஏறமாட்டேன் என்று அடம்பிடிப்பார். மேடு பள்ளம் பார்த்து ஓட்டுகிறாளாம்.

தூறல் நின்றிருந்தது. நான் கடை வாசலில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஒரு ஸ்கூட்டர் வந்து எதிரே நின்றது. இறங்கியவன் தோளில் லேப்டாப் பை. கார்களில் என்னென்னவோ புரோகிராம் மாற்றித் தருகிறவன். பைக்கில் பட்டாசு வெடிக்கிற மாதிரி சத்தம் வரவைத்துக் கொடுப்பானே, அந்தக் கூட்டம். காது வீட்டுக்குள்ளிருந்து பூனை மாதிரி வந்தார். கையில் கார் சாவி. தூங்குகிறவளின் தலைமாட்டிலிருந்து எடுத்து வந்திருக்கிறார்.

சோற்றை அப்படியே வைத்தேன். கையைக் கழுவாமலே குறுக்கே போனேன். அவன் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகிவிட்டு, மடியில் லேப்டாப்பை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றீங்க? அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"என் வீட்டு விஷயம்," என்றார் காது.

"அது அவங்க வண்டி."

"அவ யாரு? என் பொண்டாட்டிதானே."

லேப்டாப்காரன் தலையைத் தூக்காமலே சொன்னான். "நானும் வேணாம்னுதான் சார் சொன்னேன். இது இருக்கறது வண்டிக்கு நல்லது. இவர் கேக்கல. நிக்கறப்ப இருந்த கட்டு, ஓடுறப்பவும் உச்சத்துல நிறுத்துற கடைசிக் கட்டு, ரெண்டையும் தூக்கிட்டேன். இனிமே எவ்வளவு மிதிச்சாலும் போகும்." வேணாம் என்று சொன்னவன் எதற்கு வயரைச் செருகினான் என்று நான் கேட்டேன். அவன் பையை மூடி, ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போயே போய்விட்டான். இந்த மாதிரி ஆட்கள் எப்போதும் முதலில் போய்விடுவார்கள்.

காது பானெட்டைத் திறந்து முட்டுக் கொடுத்தார். வீட்டுச் சுவருக்கும் காருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம்தான். அங்கே போய் நின்றுகொண்டு, மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"பாப்பா. கொஞ்சம் கீழ வா."

பாப்பா என்றால் கல்லூரி போகிற பெண். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள் புத்தகத்தோடு இறங்கி வந்தாள். அவளுக்கு வண்டி ஓட்ட அம்மா சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளை ஒரு வேலைக்குக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. அவள் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

"உள்ள உக்காரு. ஸ்டார்ட் பண்ணி நியூட்ரல்ல போடு. நான் சொல்றப்ப முழுசா மிதி."

"நிக்கறப்ப மிதிக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்களேப்பா."

"நான் சொல்றேன்ல. அப்பாவுக்குத் தெரியாததா? மிதி."

நான் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. நேரே வீட்டுக்கதவை இரண்டு கையாலும் தட்டினேன். உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம். தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பாள். நான்கு மணிக்கே எழுகிற உடம்பு, அடித்துப் போட்டதுபோல் தூங்கும். மறுபடி தட்டக் கையை ஓங்கினேன். அதற்குள் பின்னால் அது கிளம்பிவிட்டது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்கவில்லை. அதைத் தாண்டிப் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. என் கடைக் கண்ணாடி அதிர்ந்தது. வெள்ளைக் கோட்டுகள் போட்ட கயிறு ஆடியதுகூட எனக்கு நினைவிருக்கிறது. காது கண்ணை மூடிக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரைக் காதுக்குள் வைத்து, இன்னொரு கையை பானெட்டுக்குப் பக்கவாட்டில் நீட்டி மேலே மேலே என்று ஆட்டினார். பெண் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். எஞ்சினிலிருந்து சூட்டு வாடை வந்தது. அவர் கை இறங்கவில்லை. பிடித்து வைத்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்புறம் அந்தக் கதறலுக்குள்ளே ஒரு சத்தம் பிறந்தது. டொக், டொக், டொக். உள்ளே யாரோ சுத்தியால் தட்டுகிற மாதிரி. அதுவரை இல்லாத சத்தம் அது. எனக்கே தெரிந்தது.

காது கண்ணைத் திறந்தார். சிரித்தார். ஒரு விரலைத் தூக்கி என்னைப் பார்த்து ஆட்டிக் கத்தினார்.

"பிடிச்சுட்டேன். கேட்டீங்களா? அடில தட்டுது. அன்னைக்கே சொன்னேன்."

கதவு திறந்தது. டிரைவரம்மா என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். "பாப்பா, கால எடு, கால எடு," என்று கத்தினாள். அந்த இரைச்சலில் பிள்ளைக்கு எங்கே கேட்கும்? அது அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் காரின் கதவைப் பிடிப்பதற்கும் உள்ளே பட்டென்று ஒன்று உடைவதற்கும் சரியாக இருந்தது. எஞ்சின் நின்றது. அடியிலிருந்து எண்ணெய் கொட்டி, மழைத்தண்ணீரோடு சேர்ந்து, சாக்கடையைப் பார்த்து ஓடியது. புகை வந்தது.

முதலில் பேசியது அந்த மனிதர்தான்.

"பார்த்தியா. கோளாறு இருந்துச்சா இல்லையா?"

நான் அவராக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொண்டிருப்பேன். அவர் நிஜமாகவே ஜெயித்துவிட்ட முகத்தோடு நின்றார்.

டிரைவரம்மா காருக்குள் குனிந்தாள். உள்ளே கையை விட்டு கியர் எங்கே கிடக்கிறது என்று பார்த்தாள். மகளின் கை அதை இறுகப் பிடித்தபடியே இருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்து, அவளை இறக்கி, படியில் உட்கார வைத்தாள். பிறகுதான் திரும்பினாள்.

"இவ கை நடுங்கி அது டிரைவ்ல விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா? உங்கள சுவத்துல இருந்து சுரண்டித்தான் எடுத்திருக்கணும். அதையும் இவ கையால பண்ண வெச்சிருப்பீங்க."

"அதான் ஒண்ணும் ஆகலையே. தட்டுற சத்தம் கேட்டியா இல்லையா? பழைய வண்டிய பாலிஷ் பண்ணிக் குடுத்திருக்கான்."

"காலைல தட்டல. இப்ப கொண்டுவந்து விட்டப்ப தட்டல. நீங்க பிடிச்சு வெச்சிருந்தீங்க பாருங்க, அப்பத்தான் தட்டுச்சு. நோயக் கண்டுபிடிக்கலங்க நீங்க. நோயக் குடுத்துட்டு அதுக்குப் பேர் சொல்றீங்க."

அவர் வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

"இத்தன வருஷமா ஊர்ல உள்ள வண்டிக்கெல்லாம் காது வெச்சீங்களே. அதுல எத்தன கோளாறு அதோட கோளாறு, எத்தன நீங்க பண்ணினது? என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?"

இதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் காது வைத்து நல்லது என்று சொன்ன வண்டி ஒன்றுகூட இல்லை. எப்படி இருக்கும்?

அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். ஏனென்றால் அவருடைய முகம் மாறியது. உறைத்தவர் என்ன செய்திருக்க வேண்டும்? தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை. அதற்கு என்ன கேடு? அவர் படியில் உட்கார்ந்திருந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் இவ்வளவு நேரம் மிதிக்கச் சொல்லல. இவதான் கால எடுக்கல."

பெண் நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

டிரைவரம்மா போனை எடுத்தாள். முதலில் டிரில் மாஸ்டரைக் கூப்பிட்டாள். "சார், கேட்டுல நிக்காதீங்க, உள்ள உக்காருங்க. இன்னைக்கு வேன் வரும். ஆமா சார், வேன்தான். கம்பியப் பிடிச்சுக்கிட்டு ஏறுங்க." அடுத்து வேன்காரனைக் கூப்பிட்டாள். யாரிடம் தோற்கக் கூடாது என்று இத்தனை மாதம் ஓடினாளோ, அவனை. அவனுடைய குரல் எனக்கே கேட்டது, அவ்வளவு உற்சாகம்.

"ஐயையோ, என்னக்கா ஆச்சு? இன்னைக்கு மட்டுமா, இல்ல இனிமேலுக்குமா?"

"இப்ப போய் அவங்கள ஏத்துங்க. அவங்க மெஷின் நேரம் தவறக் கூடாது. மத்தத சென்டர்ல பேசிக்கங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "மாஸ்டர் ஏறுனப்புறம் மெதுவா எடுங்க. பள்ளத்துல தூக்கிப் போடாதீங்க," என்றாள்.

அந்த ஓட்டம் அத்தோடு போயிற்று. அது அவளுக்கும் தெரியும். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். "வேணாண்ணே," என்றாள். பிறகு வாங்கி மகளிடம் கொடுத்தாள்.

காது பானெட்டுக்குள் மறுபடி தலையை விட்டிருந்தார். "ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிட்டுப் போவோம். நானே பிரிச்சு சரி பண்ணித் தர்றேன்."

"கைய எடுங்க," என்றாள். சத்தம் போடவில்லை. அவர் எடுத்துவிட்டார்.

கம்பெனியிலிருந்து வண்டி தூக்குகிற லாரி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் பாதிப்பேர் குடையோடு நின்றார்கள். எனக்கு அந்தக் கூட்டத்தைப் பார்க்கவும் எரிச்சலாக இருந்தது. யாராவது ஒருவர் அந்த மனிதரை நாலு வார்த்தை கேட்டால் என்ன? எல்லோருடைய வண்டிக்கும் அவர் காது வைத்திருக்கிறாரே, அந்த மரியாதை. லாரிக்காரர் இறங்கி, குனிந்து எண்ணெயைப் பார்த்து, உச்சுக்கொட்டினார்.

"எப்படிங்க இது? ஓடுறப்பவா?"

"நிக்கறப்பதான்," என்றாள்.

"நிக்கறப்ப இப்படி ஆகாதே. கட்டு இருக்குமே. யாராச்சும் கழட்டிட்டீங்களா? கழட்டியிருந்தா கம்பெனில இலவசமா பண்ண மாட்டாங்கம்மா, முன்னாடியே சொல்லிடறேன்." சங்கிலியை மாட்டிக்கொண்டே கேட்டார். "யாரு மிதிச்சது?"

அவள் திரும்பி நின்றாள். புருஷனைப் பார்த்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் சொல்கிறேன். அவள் அவருக்கு நேரம் கொடுத்தாள். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு நல்ல வார்த்தை சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் அவருக்குக் கிடைத்திருக்காது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பொண்ணு," என்றார். "தெரியாம மிதிச்சுட்டா."

"ஆமாங்க," என்றாள் அவள், லாரிக்காரரிடம். "தெரியாமத்தான் மிதிச்சுட்டா. அப்பா சொன்னா சரியா இருக்கும்னு நினைச்சு மிதிச்சுட்டா. இனிமே நினைக்க மாட்டா."

லாரிக்காரர் சங்கிலியைப் பார்த்துக் குனிந்துகொண்டார். கார் மெதுவாக மேலே ஏறியது. அவள் தன் பையை எடுத்துக்கொண்டு லாரியின் முன் சீட்டில் ஏறினாள். மகளைப் பார்த்து, "வர்றியா?" என்று மட்டும் கேட்டாள்.

காது மகளுக்குப் பக்கத்தில் போனார். மழை அவர் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்படியெல்லாம் இல்லன்னு அம்மாகிட்ட சொல்லு பாப்பா."

அவள் அவரைத் தாண்டிப் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, லாரியின் கதவை இழுத்தாள். அது சரியாகச் சாத்தவில்லை. திறந்து, மறுபடியும் பலமாக இழுத்துச் சாத்தினாள்.